கூடைக்காரிகளின் ரொட்டி

ஹோ சி மின் நகரத்தில் எனக்கு முதல் பான் மீ செய்து கொடுத்த அம்மா என்னை 'சி' என்று அழைத்தார். சி என்றால் அக்கா. அவருக்கு அறுபது வயதிருக்கும், எனக்கு நாற்பத்தைந்து. வியட்நாமிய மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று ஒரு பொதுச் சொல்லை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் பேசிவிட முடியாது. எதிரே நிற்பவர் அக்காவா, தங்கையா, அத்தையா, பாட்டியா என்று ஒரு நொடியில் கணித்து, உறவுமுறை வைத்துத்தான் பேச வேண்டும் என்று மொழிபெயர்க்க உடன் வந்திருந்த கல்லூரி மாணவி சொன்னாள். வாங்க வந்தவள் என்பதால் எனக்கு ஒரு படி கூடக் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பூக்காரப் பாட்டி என்னைப் பார்த்து 'வாக்கா, ரெண்டு முழம் வாங்கிக்கோ' என்பாரே, அதே கணக்குதான்.

காலை ஆறரை மணி. பென் தான் சந்தைக்குப் பக்கத்துத் தெரு. கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டி, அதன் கீழே கரி அடுப்பு. என் முழங்கை அளவுகூட இல்லாத குட்டையான ரொட்டியை அவர் அடுப்பில் ஒரு புரட்டுப் புரட்டி, வயிற்றைக் கீறித் திறந்தார். பன்றி ஈரல் அரைத்த பூச்சை ஒரு பக்கம் தடவினார். மறுபக்கம் முட்டையும் எண்ணெயும் அடித்த மஞ்சள் வெண்ணெய். வாழையிலையில் வேகவைத்த இறைச்சிக் கட்டியிலிருந்து நான்கு வில்லை, நீளவாக்கில் வெள்ளரி, காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லித் தழை, காரமிளகாய், கடைசியில் மேகி சாஸ் நான்கு சொட்டு. பழைய தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு நீட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடித்தால் மேலோடு நொறுங்கி என் புடவையெல்லாம் உதிர்ந்தது. உள்ளே புளிப்பு, காரம், கொழுப்பு, பச்சை வாசனை எல்லாம் ஒன்றாக வந்தன. நடைபாதையிலேயே நின்று தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

பயணக் கையேடுகளில் இந்த ரொட்டியைப் பற்றி ஒரு வரி தவறாமல் வரும். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்கு விட்டுச் சென்ற பரிசு என்பார்கள். அந்த ஆண்டெல்லாம் வகுப்பில் காலனிய கால உரைநடை நடத்திக்கொண்டிருந்தவள் நான். பரிசு என்ற சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. யார் யாருக்குக் கொடுத்த பரிசு?

முதலில் சொல்லைப் பார்ப்போம், அது என் தொழில். பான் மீ என்பது பிரெஞ்சில் மென்ரொட்டியைக் குறிக்கும் 'பேன் த மீ' என்பதன் திரிபு என்று பலர் எழுதுகிறார்கள். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 'பான்' பிரெஞ்சுக்காரர்களின் கப்பல் வருவதற்கு வெகு முன்பே அங்கே இருந்த சொல். அரிசி மாவில் ஆவியில் வேகவைப்பது, இலையில் பொதிவது, கல்லில் வார்ப்பது என எல்லாமே பான். புத்தாண்டுக்குச் செய்யும் பான் சுங், தோசைபோல வார்க்கும் பான் செயோ, ஆவியில் எடுத்துச் சுருட்டும் பான் குவோன். நம்முடைய 'பலகாரம்' ஏறக்குறைய இந்த வேலையைச் செய்கிறது. 'மீ' கோதுமை. ஆக, பான் மீ என்றால் கோதுமைப் பலகாரம். வடக்கே அதற்கு முன்பு பான் தாய் என்று பெயர், அதாவது மேற்கத்தியப் பலகாரம். அயலான் கொண்டுவந்த பண்டத்துக்குத் தங்கள் சமையலறைச் சொல்லிலேயே பெயர் வைத்தவர்களிடமிருந்து அந்தச் சொல்லைக்கூடப் பிடுங்கி பிரெஞ்சுக்காரர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது 1859இல். 1862 ஒப்பந்தத்தால் கொச்சின்சீனாவின் கிழக்கு மாகாணங்கள் கைமாறின. அந்த மண்ணில் கோதுமை விளையாது. மாவு கப்பலில் வர வேண்டும், விலையும் அதிகம். ஆனாலும் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியை விடவில்லை. பழக்கம் மட்டும் காரணமல்ல, பயமும் இருந்தது. ரொட்டியும் மாட்டிறைச்சியும் தின்பதால்தான் தாங்கள் ஆளப் பிறந்தவர்களாக இருக்கிறோம், சோறும் மீனும் தின்பதால்தான் வியட்நாமியர்கள் மெலிந்து ஒடுங்கிக் கிடக்கிறார்கள் என்று நம்பினார்கள். உள்ளூர் உணவுக்குப் பழகினால் தங்கள் உடம்பும் அப்படி ஆகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. கண்ணெதிரே புதுமீனும் கீரையும் விற்க, ஐரோப்பாவிலிருந்து வந்த தகரடப்பாவைத் திறந்து தின்றவர்கள் அவர்கள்.

சோறு தின்பவன் பெண்தன்மை கொண்டவன், கோதுமை தின்பவன் ஆண்மகன் என்ற இந்தக் கணக்கு பிரெஞ்சுக்காரர்களோடு நின்றதல்ல. ஆங்கிலேயர்கள் வங்காளிகளைப் பற்றி இதைத்தான் எழுதினார்கள். நம் குன்னூரிலேயே 1920களில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு வெவ்வேறு மாகாணத்து உணவைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் உணவைத் தின்ற எலி முதலிடம். மதராசிச் சோறு தின்ற எலி கடைசி வரிசையில். சீக்கியர் உணவில் கோதுமையோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் இருந்தன, மதராசி உணவில் அவையெல்லாம் சொற்பம். மெக்கரிசனுக்கு அது தெரியும். கேட்டவர்கள் மனத்தில் தங்கியதோ கோதுமையும் சோறும்தான். மெலிவுக்குக் காரணம் வறுமை என்றால் வரி வாங்கும் அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கும். சோறு என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். பெண்தன்மை என்பது ஒரு வசவாக இந்த வாதத்தின் நடுவே உட்கார்ந்திருப்பதை நம் வரலாற்று ஆசிரியர்கள் அதிகம் பேசுவதில்லை.

அந்த ஆண்மையின் ரொட்டி எப்படி ஒரு தெருப்பெண்ணின் பெட்டிக்குள் வந்தது என்பதுதான் என்னை இழுத்த கேள்வி.

வியட்நாமில் சந்தை நெடுங்காலமாகப் பெண்களின் கையில் இருந்தது. 1688இல் வடக்கே தோங்கினுக்குப் போன ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், அங்கே காசு மாற்றும் தொழிலையே பெண்கள் நடத்துவதையும் அதில் அவர்கள் கெட்டிக்காரிகளாக இருப்பதையும் வியந்து எழுதினார். கன்ஃபூசிய நெறியில் ஊறிய ஆண்களுக்கு வணிகம் தாழ்ந்த வேலை. படித்துத் தேர்வெழுதி அதிகாரியாவதுதான் உயர்வு. கணவன் படித்துக்கொண்டிருக்க, மனைவி விற்றுச் சோறு போட்டாள். இதைப் பெண் விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு அவள் கையில் புழங்கியது, பெருமை வீட்டில் உட்கார்ந்து படித்தவனுக்குப் போனது. மூங்கில் காவடியின் இரு முனையிலும் கூடை தொங்க, தோளில் போட்டு ஓட்டமும் நடையுமாகப் போகும் அந்தப் பெண்ணை இன்று சுற்றுலா அட்டைகளில் அச்சடித்து விற்கிறார்கள். அந்தச் சுமையின் பெயர் 'கான்'. ஒரு குடும்பத்தையே தாங்குபவளைச் சொல்லவும் அந்தச் சொல் வரும் என்றாள் மாணவி.

அன்று காலை இரண்டாவது ரொட்டியையும் முடித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பென் தான் சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான், துருவோங் தின் தெருவில். குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பெண்கள் கருவறைக்குப் பின்னால் போய்க் கல்லில் நெற்றியை முட்டி, கன்னத்தை வைத்து, முணுமுணுவென்று அம்மனிடம் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் கூழ் குடித்த மாரி, கடல் கடந்து மாலை போட்டு நிற்கிறாள். கண் கலங்கிவிட்டது என்பதை மறைப்பானேன்? வந்த நாட்டில் நம் ஆட்களின் சுவடு கிடைத்த பெருமிதம். இதைத்தான் எழுதப்போகிறேன் என்று அப்போதே மனத்தில் முதல் வரியும் போட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்து படிக்க ஆரம்பித்த பிறகு அந்த வரியை அடிக்க வேண்டியிருந்தது.

சைகோனுக்குப் போன தமிழர்கள் யார்? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள் பலர். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, மதச் சட்ட உரிமைகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களானார்கள். இவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் நிறைய. ஊரில் கிடைக்காத மரியாதையைத் தேடிக் கப்பலேறியவர்கள். கொச்சின்சீனாவில் அவர்களுக்கு எழுத்தர் வேலை, காவல் வேலை, வரி வசூல் வேலை கிடைத்தது, வாக்குரிமையும் கிடைத்தது. மண்ணின் மக்களான வியட்நாமியரில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லாத காலம். காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் துணி விற்றார்கள். மாடு வளர்த்துப் பால் விற்ற தமிழர்களும் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் கொண்டுவிக்கப் போய், மேகாங் வடிநிலத்தில் நெல் விளைவித்தவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அதே நகரத்தில் தொன் தத் தியெப் தெருவில் இருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் அடைபடாமல் போனபோது, நிலம் யார் கைக்குப் போவது என்ற சச்சரவில் வட்டிக்காரர் மீதான கசப்பு பெருகியது.

இவையெல்லாம் ஓரளவு தெரிந்த கதை. எனக்குத் தெரியாமல் இருந்தது சந்தைக் குத்தகை. பிரெஞ்சு அரசு சந்தைகளில் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். கூடையை இறக்கி வைக்கும் இடத்துக்கு, விரித்த பாய்க்கு, விற்கும் பொருளுக்குக் காசு. கூடையின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் வியட்நாமியப் பெண். அவள் எதிரே கை நீட்டி நின்றவன், ஒருவேளை, எங்கள் மாவட்டத்துக்காரன். ஊரில் மேல்சாதிக்காரன் முன் துண்டை இடுப்பில் கட்டியவன் இங்கே பிரெஞ்சுக் குடிமகனாக நிமிர்ந்து நின்றான். அவன் நிமிர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதை இழிவாக எழுத என் கை வராது. ஆனால் எவள் முன்னால் நிமிர்ந்தான் என்பதையும் எழுதாமல் விட முடியாது. இந்தியர்களைக் குறிக்க வியட்நாமியர்கள் வைத்த 'சா' என்ற சொல்லில் இன்றும் கொஞ்சம் கேலி ஒட்டியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

ரொட்டிக்குத் திரும்புகிறேன். காலனிய காலத்தில் வசதியுள்ள வியட்நாமியர்கள் அதை பிரெஞ்சு முறையில் தின்றார்கள். தட்டில் ரொட்டி தனியாக, வெண்ணெய் தனியாக, பதனிட்ட இறைச்சியும் ஈரல் பூச்சும் தனியாக. உட்கார்ந்து, கத்தி பிடித்துச் சாப்பிட வேண்டும். ஏழைகள் வெறும் ரொட்டியைத் தின்றார்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பால் பரவிய பிறகு அதில் தோய்த்துத் தின்றார்கள். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது, எனக்கும் பிடித்துப்போனது.

1954இல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை இரண்டாக வெட்டியது. வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே வந்து சேர்ந்தார்கள். அப்படி ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் 'ஹுவா மா' என்ற கடையைத் திறந்தார்கள். அந்தக் கடை காவ் தாங் தெருவுக்கு மாறி அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு இது: தட்டில் வைத்துக் கொடுத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் உட்கார நேரமில்லை. ஆகவே எல்லாவற்றையும் ரொட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுத்தார்கள். ரொட்டியையும் ஒரு ஆள் தின்னும் அளவுக்குக் குட்டையாக்கினார்கள். இதில் என் கண்ணில் பட்ட செய்தி, ஹனோயில் உணவகங்களுக்குப் பதனிட்ட இறைச்சி வழங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் வேலை பார்த்துத் தொழில் அறிந்தவர் மனைவிதான் என்பது. பான் மீ அந்த ஒரே கடையில் பிறந்தது என்று நான் எழுத மாட்டேன். தெருவில் பிறக்கும் பண்டத்துக்கு ஒரே தாய் இருப்பதில்லை. இழந்துவிட்டு வந்தவர்கள் நிறைந்த ஒரு நகரத்தில், கையில் இருந்த தொழிலறிவை வைத்து ஒருத்தி வீட்டை நிமிர்த்தினாள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

போர்க்காலத்தில் அமெரிக்க உதவித் திட்டத்தின் கோதுமை மாவு தெற்கில் வந்து குவிந்தது. நம் பள்ளிகளில் கோதுமை உப்புமாவாக வந்ததே, அதே உதவித் திட்டம்தான். 1975இல் போர் முடிந்து நாடு ஒன்றான பிறகு பங்கீட்டுக் காலம் வந்தது. 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கும்வரை அரிசிக்கும் இறைச்சிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன். அரிசிக்குப் பதில் பாதிக்குப் பாதி கோதுமை மாவும் சோளமும் போட்டார்கள். விடியும் முன்பே வரிசை நிற்க வேண்டும். வேலைக்கும் போக வேண்டிய பெண்கள், தங்களுக்குப் பதிலாக வரிசையில் ஒரு செங்கல்லைப் பெயரெழுதி வைத்துவிட்டுப் போவார்களாம். மாணவியின் பாட்டி வைத்திருக்கிறார். ரேஷன் கடையில் பை வைத்து இடம் பிடித்த என் அம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். செங்கல்லை யாரும் திருட மாட்டார்கள், பையைத் திருடிவிடுவார்களே என்றாள். நியாயம்தான்.

அதற்குப் பிறகு ரொட்டி உலகம் சுற்றியது. படகேறித் தப்பியவர்கள் கலிஃபோர்னியாவிலும் பாரிஸிலும் மெல்போர்னிலும் கடை போட்டார்கள். 2009இல் ஆண்டனி போர்டெய்ன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஹோய் ஆனில் 'ஃபுவாங்' கடையின் பான் மீயைத் தின்று பாராட்ட, உலகமே அந்தச் சந்துக்கு வந்தது. 2011 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'பான் மீ'யைச் சேர்த்துக்கொண்டது. ஃபுவாங் என்பது கடையை நடத்தும் பெண்ணின் பெயர். ஆனால் ஹோய் ஆன் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தின்றவரின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

ரொட்டிக்கு அகராதியில் இடம் கிடைத்த அதே காலத்தில் அதை விற்பவளுக்கு நடைபாதையில் இடம் குறைந்தது. ஹனோய் நகர நிர்வாகம் 2008இல் 62 தெருக்களில் நடமாடும் விற்பனையைத் தடைசெய்தது. அங்கே கூடை சுமந்து விற்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். 2017இல் ஹோ சி மின் நகரத்தின் முதல் மாவட்டத்தில் நடைபாதைகளைக் காலி செய்யும் இயக்கம் பெரிதாக நடந்தது. அந்தப் பகுதியை ஒரு குட்டி சிங்கப்பூராக்கப் போவதாகச் சொன்னார்கள். நம்மூர் நடைபாதைக்காரிகளிடம் கேட்டால் சிங்கப்பூர் கதையை அவர்களும் சொல்வார்கள். முன்பு பாய் விரித்த இடத்துக்கு வரி, இப்போது பாயே விரிக்கக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மீண்டும் அதே அம்மாவிடம் போனேன். பக்கத்தில் இன்னொரு பெண் குண்டானில் கோழிக் குழம்பு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அதன் பெயர் 'கா ரி கா'. முதல் இரண்டும் கறி, கடைசி 'கா' கோழி. தேங்காய்ப் பால், சர்க்கரைவள்ளி, எலுமிச்சைப்புல், மஞ்சள். தொட்டுத் தின்ன ரொட்டியைத் தருகிறார்கள். எலுமிச்சைப்புல் எங்கள் வீட்டுக் குழம்பில் இல்லை, சர்க்கரைவள்ளியும் இல்லை. மஞ்சளும் தேங்காய்ப் பாலும் நாக்கில் பட்டதும் அடையாளம் தெரிந்தது. கப்பலேறிய ஆண்கள் பலர் மனைவியை அழைத்துப் போகவில்லை. அங்கேயே வியட்நாமியப் பெண்களோடு குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. பின்னாளில் அப்படிப்பட்ட மனைவிகளில் சிலர் கணவர்களோடு புதுச்சேரிக்கு வந்து, நம் ஊர் அடுப்பில் வியட்நாமியச் சுருள்களைப் பொரித்தார்கள். இந்தக் குழம்பை எந்தப் பெண் யாருக்காக முதலில் கிண்டினாள் என்று எந்த ஆவணமும் சொல்லப்போவதில்லை.

கறி என்றால் உங்கள் மொழியில் என்ன என்று மாணவி கேட்டாள். மிகப் பழைய தமிழில் மிளகு, பிறகு காய்கறி, இப்போது இறைச்சி என்றேன். அவள் அதைக் குழம்புக்காரப் பெண்ணுக்குச் சொல்ல, அவர் ரொட்டிக்கார அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். 'சா' வந்து கறியைத் திருப்பிக் கேட்கிறதாம்.

நானும் சிரித்தேன். சந்தைக் குத்தகையைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது.

பாதி தின்றுகொண்டிருந்தபோது தெருமுனையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். குண்டானுக்கு மூடி போட்டு, கரியை வாளியில் தட்டி, கண்ணாடிப் பெட்டியைச் சாத்தி, வண்டியைப் பக்கத்துச் சந்துக்குள் தள்ளினார்கள். நடைபாதையில் நான் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி மட்டும் மிச்சம். வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.